சிஆர்பி 11 என்று வந்த இரவு

தென்மராட்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"டொக்டர், அப்பாவுக்கு 67 வயது. பன்னிரண்டு வருடமாகச் சலரோகம், மெற்போமின் குளிசை போடுகிறார். தோட்டத்தில் மண்வெட்டி பட்டு வலது காலில் சின்னக் காயம். நாலாம் நாள், ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தது. ஆறு மணிக்குப் பக்கத்து லாப்பில் இரத்தம் கொடுத்தோம். சிஆர்பி 11. ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா, 'அது பெரிய தொற்று இல்லை, விடியப் பார்க்கலாம்' என்றார். பனடோல் கொடுத்துப் படுக்க வைத்தோம். இரவு கொஞ்சம் பிதற்றினார். என்னைப் பார்த்துச் செத்துப்போன அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கக்கூசுக்குப் போய் வர மூச்சு வாங்கியது. விடிய எழுப்பினால் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிரஷர் 80, சிஆர்பி 174, லக்டேட் 4.8 என்றார்கள். மறுநாள் சிஆர்பி 290, புரோகல்சிடோனின் 41. காலில் பழுதான சதையை வெட்டி எடுத்தார்கள். ஐசியூவில் ஐந்து நாள். இப்போது வீட்டுக்கு வந்து ஐந்து கிழமை.

அந்த லாப் பிழையாகத் தந்ததா? அண்ணா தினமும் புரோகல்சிடோனின் செய்யச் சொல்லிக் கேட்டார், விடுதியில் இரண்டே தரம்தான் செய்தார்கள், ஏன்? சிஆர்பி 58 இருக்கும்போதே அன்ரிபயோட்டிக்கை நிறுத்திவிட்டார்களே? இப்போது கிழமைக்கு ஒரு தரம் நாங்களே சிஆர்பி செய்கிறோம், 22க்கு இறங்கியது திரும்ப 31 ஆகியிருக்கிறது, எனக்கு நித்திரை இல்லை. ஆள் தப்புமா தப்பாதா என்று முதல் நாளே சொல்கிற பரிசோதனை ஒன்றும் இல்லையா? அப்பா கேட்கச் சொன்னது வேறு: வெங்காயம் நட எப்போது தோட்டத்துக்கு இறங்கலாம்?"

பிள்ளை, உங்கள் அப்பாவுக்கு வந்தது செப்சிஸ், தொற்றினால் உடம்பின் உறுப்புகளே கெடத் தொடங்குகிற நிலை. முதலில் லாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கோபம் முழுக்க அவர்கள் மேல்தான் இருக்கிறது. அவர்கள் பிழை விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு உங்கள் அப்பாவின் இரத்தத்தில் சிஆர்பி உண்மையிலேயே 11தான் இருந்திருக்கும். நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்த நேரத்தில் அதனிடம் பதில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

சிஆர்பி கிருமியை அளக்கிற பரிசோதனை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது ஈரல் செய்கிற ஒரு புரதம். காலில் கிருமி புகுந்தால் அந்த இடத்துக் கலங்கள் சில தூதுப் பொருட்களை இரத்தத்தில் விடும், அதில் முக்கியமானது இன்டர்லூகின் 6. அது ஈரலுக்குப் போய்ச் சேர்ந்து, ஈரல் புரதத்தைச் செய்து, அது அளக்கக்கூடிய அளவுக்கு இரத்தத்தில் சேர ஆறு முதல் எட்டு மணி நேரமாவது வேண்டும். உச்சிக்குப் போக ஏறக்குறைய இரண்டு நாள். நீங்கள் இரத்தம் கொடுத்தது நடுக்கம் தொடங்கி இரண்டு மணி நேரத்தில். உலை வைத்த கையோடு மூடியைத் திறந்து பார்த்தால் அரிசி அரிசியாகத்தான் இருக்கும். சாதாரணமாக 5க்குள் இருக்க வேண்டியது 11 இருந்ததே, அப்போதே அது ஏறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். விடிய 174, மறுநாள் 290, இதெல்லாம் ஒரே ஏணியின் படிகள். நீங்கள் முதல் படியில் நிற்கும்போது படம் எடுத்திருக்கிறீர்கள்.

இந்தப் புரதத்தை 1930இல் நியூயோர்க்கில் ரொக்பெல்லர் நிறுவனத்தில் தில்லெற், பிரான்சிஸ் என்ற இரண்டு பேர் நியுமோனியா நோயாளரின் இரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். கடும் வருத்தமாக இருக்கும்போது அது இருந்தது, ஆள் தேறியதும் மறைந்தது. இன்றைக்கும் சிஆர்பி நன்றாகச் செய்கிற வேலை அதுதான், வருத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று நாள் கணக்கில் பின்தொடர்வது. முதல் இரவில் "பயமில்லை" என்று சான்றிதழ் தருவது அதன் வேலை இல்லை.

சரி, அந்த இரவில் வேறென்ன இருந்தது? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். மகளைப் பார்த்து மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஐந்தாறு அடி நடந்ததற்கு மூச்சு வாங்கியது. அன்றிரவு உங்கள் வீட்டில் இருந்த மிகத் திறமான பரிசோதனை முடிவுகள் இந்த இரண்டும்தான், காசும் இல்லை, ஊசியும் இல்லை.

செப்சிஸ் என்றால் என்ன என்பதை 2016இல் திருத்தி எழுதினார்கள். அதற்கு முன் காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு வேகம், வெள்ளணு எண்ணிக்கை ஆகிய நாலில் இரண்டு பிழையாக இருந்து, கூடவே தொற்றும் இருந்தால் செப்சிஸ் என்று சொல்லிவந்தோம். சாதாரண சளிக்காய்ச்சல்காரர் பாதிப் பேர் அதற்குள் வந்துவிடுவார்கள். புதிய வரைவிலக்கணம், தொற்றுக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்பு தறிகெட்டுப் போய், அதனால் உறுப்புகள் கெடத் தொடங்குகிற நிலையைத்தான் செப்சிஸ் என்கிறது. எங்கள் ஊரில் "இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது" என்று சொல்வோமே, அது பாதிதான் சரி, பாதிக்கு மேற்பட்ட நோயாளருக்கு இரத்தத்தில் கிருமி வளர்வதே இல்லை. உறுப்பு கெடுகிறதா என்பதுதான் கேள்வி. மூளையும் ஒரு உறுப்பு. ஆள் மாறிக் கூப்பிட்டது மூளை தடுமாறியதால். மூச்சு வாங்கியது, இரத்தத்தில் ஏறிய அமிலத்தை வெளியே தள்ள நெஞ்சு பாடுபட்டதால். "காய்ச்சல் பிதற்றல்" என்று நாங்கள் சொல்லிப் பழகிவிட்டோம், சின்னப் பிள்ளைகளுக்குச் சில வேளை அது சரியாகவும் இருக்கும், ஆனால் 67 வயதுச் சலரோகக்காரர் காய்ச்சலில் ஆள் மாறிக் கதைத்தால் அது ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட வேண்டிய நேரம்.

2016 வரைவிலக்கணத்தோடு படுக்கையருகில் பார்க்க மூன்று விடயங்களைச் சொன்னார்கள்: மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், சுயநினைவில் மாற்றம், பிரஷரின் மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழ். இதில் இரண்டு இருந்தால் ஆபத்து. 2021இல் வந்த சர்வதேச வழிகாட்டல், இதை மட்டும் வைத்து ஆட்களைச் சலித்து எடுக்க வேண்டாம் என்கிறது, ஏனென்றால் இந்த மூன்றும் தெரியாமலே செப்சிஸ் தொடங்குகிறவர்களும் நிறைய. இல்லாவிட்டால் பயமில்லை என்று எடுக்கக் கூடாது, இருந்தால் காத்திருக்கவே கூடாது. மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். பதினைந்து செக்கன் எண்ணி நாலால் பெருக்குவது எங்கள் விடுதிகளிலும் நடக்கிறது, அதை நான் விரும்புவதில்லை.

இதை எழுதுவது உங்களைக் குற்றவாளியாக்க இல்லை. எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பயிற்சி முடித்த புதிதில், எந்த வைத்தியசாலை என்று சொல்லப்போவதில்லை, ஒரு வயதான அம்மா காய்ச்சலோடு வந்தார். வெள்ளணு 3,100. குறைவாக இருக்கிறது, வைரஸ் காய்ச்சல்தான் என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன். வெள்ளணு கூடினால்தான் கிருமி என்று மனதில் ஊறியிருந்தது. கடும் தொற்றில் எலும்பு மச்சையால் ஈடுகொடுக்க முடியாமல் வெள்ளணு 4,000க்குக் கீழே விழும் என்பதும் நான் படித்ததுதான், பழைய வரைவிலக்கணத்திலேயே இருக்கிறது, ஆனால் எண்ணைப் பார்த்த அவசரத்தில் ஆளைப் பார்க்கவில்லை. அவரின் கைகால் குளிர்ந்து, காலையிலிருந்து சலம் போகவில்லை என்று மூத்த தாதி ஒருவர்தான் வந்து சொன்னார். அந்த அம்மா தப்பினார், தாதியின் புண்ணியம். அதனால் அண்ணாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர் எண்ணாயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு அனுப்பிய எண்ணைப் பார்த்துச் சொன்னார், நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அதே பிழையைச் செய்தேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்ததும் டொக்டரைக் காணாமல் நேரே லாப்புக்குப் போய் இரத்த அணுக்களை எண்ணுகிற எஃப்பிசியும் சிஆர்பியும் செய்துவிட்டு, அந்தத் துண்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, லண்டனும் ரொறன்ரோவும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல "இப்ப எவ்வளவு?" என்று கேட்பது யாழ்ப்பாணத்தில் இப்போது வழக்கமாகிவிட்டது. ஆளைப் பார்க்காமல் துண்டை மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னால் எனக்கும் பிழைக்கும்.

இனி லக்டேட். உங்கள் அப்பாவின் கோப்பில் இருந்த எண்களில் என்னைப் பயப்படுத்தியது இந்த 4.8தான், 290 இல்லை. கலங்கள் சீனியை எரிக்கும்போது மிஞ்சுகிற பொருள் லக்டேட், சாதாரணமாக 2 மில்லிமோலுக்குள் இருக்கும். இரத்த ஓட்டம் குறைந்து ஒட்சிசன் போதாமல் போனால் ஏறும், உடம்பு அட்ரினலினை அள்ளி விடுவதாலும் ஏறும், ஈரலால் அதை அகற்ற முடியாவிட்டாலும் ஏறும். 1843இல் ஷேரர் என்ற ஜேர்மன் வைத்தியர், பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் இரத்தத்தில் முதன்முதலாக இதைக் கண்டார். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு முன்னமே செப்சிஸின் இந்த அடையாளம் கண்ணில் பட்டுவிட்டது, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புத்தான்.

போதிய சேலைன் கொடுத்த பிறகும் பிரஷரைத் தூக்கி வைக்க மருந்து தேவைப்பட்டு, லக்டேட்டும் 2க்கு மேல் இருந்தால் அதைச் செப்டிக் ஷொக் என்கிறோம். 2016இல் அந்த வரைவிலக்கணத்துக்காகப் பார்த்த தரவுகளில் அந்த நிலைக்குப் போனவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் வைத்தியசாலையிலேயே இறந்தார்கள். உங்கள் அப்பா அந்தக் கதவு வரைக்கும் போய் வந்தவர். லக்டேட்டுக்கும் கோளாறு உண்டு. வலிப்பு வந்தவருக்கும், இழுப்புக்குச் சல்பியூட்டமோல் நிறையப் பிடித்தவருக்கும் ஏறும், எடுத்த இரத்தத்தை அளக்காமல் வைத்திருந்தாலும் ஏறும், சிறுநீரகம் கெட்ட நிலையில் மெற்போமின் உடம்பில் தேங்கினாலும் ஏறும். வந்தவுடன் அப்பாவின் மெற்போமினை நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றியிருப்பார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு தரம் அளந்த லக்டேட்டைவிட, சில மணி நேரத்துக்குள் திரும்ப அளந்து அது இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் பெறுமதி.

அந்த மெஷின் எல்லா இடத்திலும் இருக்காது, அதனால் இன்னொன்று. லத்தீன் அமெரிக்காவில் ஐந்து நாடுகளில் செய்து 2019இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஷொக்கில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு லக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சை செய்தார்கள், மற்றவர்களுக்கு விரல் நுனியை வெளிறும் வரை அழுத்தி விட்டுவிட்டு, நிறம் திரும்ப மூன்று செக்கனுக்கு மேல் எடுக்கிறதா என்று பார்த்துச் செய்தார்கள். விரலைப் பார்த்த கூட்டம் லக்டேட் கூட்டத்தைவிட மோசமாகப் போகவில்லை. எங்கள் ஆதார வைத்தியசாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

புரோகல்சிடோனின் விடயத்தில் உங்கள் அண்ணா அரைவாசி சரி. அது தைரொயிட் சுரப்பியில் கல்சிடோனின் என்ற ஹோர்மோனுக்கு முன்னோடியாக உண்டாவது, சுகமாக இருக்கும் ஆளின் இரத்தத்தில் இல்லை என்றே சொல்லலாம். கடும் பக்டீரியாத் தொற்றில் ஈரல், கொழுப்பு என்று உடம்பின் பல இழையங்கள் அதைச் செய்யத் தொடங்கும் என்பது 1993இல் பிரான்ஸில் இருந்து வந்த ஒரு ஆய்வுக்குப் பிறகுதான் பிரபலமானது. சிஆர்பியைவிட வேகம், மூன்று நாலு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி ஒரு நாளுக்குள் உச்சிக்குப் போகும். வைரஸ் காய்ச்சலில் பெரும்பாலும் பெரிதாக ஏறாது. தொற்று அடங்கினால் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு தரம் பாதியாகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய சத்திரசிகிச்சை, விபத்து, தீக்காயம் இவற்றிலும் ஏறும், பிறந்த குழந்தைக்கு முதல் இரண்டு நாளும் இயல்பாகவே கூடியிருக்கும், சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு இறங்கச் சுணங்கும். மறுபக்கம், சீழ் ஒரு இடத்தில் கட்டிப்பட்டு நின்றால் ஏறாமலும் இருக்கும். அதனால்தான் 2021 வழிகாட்டல், அன்ரிபயோட்டிக்கைத் தொடங்குவதா என்று தீர்மானிக்கப் புரோகல்சிடோனினைப் பார்க்க வேண்டாம் என்கிறது. ஷொக்கில் வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க நேரமில்லை.

எப்போது நிறுத்துவது என்பதற்கு அது உதவும். நெதர்லாந்தில் ஐசியூ நோயாளரிடம் செய்து 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், உச்சியிலிருந்து 80 வீதம் இறங்கினால் அல்லது 0.5க்கு வந்தால் நிறுத்தலாம் என்று வைத்தியர்களுக்குச் சொன்னார்கள். மருந்து கொடுத்த நாள் நடுத்தரமாக ஏழிலிருந்து ஐந்தாகக் குறைந்தது, இறப்பு கூடவில்லை, குறைந்தே இருந்தது. உங்கள் அப்பாவுக்கு 41 இருந்தது ஆறாம் நாள் 2.9 என்று நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கிறது. 80 வீதம் இறங்குவதென்றால் 8.2க்கு வந்தாலே போதும், அவர் அதையும் தாண்டிவிட்டார். காய்ச்சல் இல்லை, பிரஷர் தானாக நிற்கிறது, வெட்டிய காயம் சுத்தம். ஒன்பதாம் நாள் நிறுத்தினார்கள். அந்த இரண்டு ரிப்போர்ட்டும் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டன, இடையில் தினமும் ஒன்று செய்திருந்தாலும் சிகிச்சை ஒரு துளியும் மாறியிராது. அரச வைத்தியசாலையில் உங்களிடம் காசு வாங்காவிட்டாலும் அந்த இரசாயனம் காசுதான், நாளைக்கு இன்னொருவருக்குத் தேவைப்படும்.

சிஆர்பி 58 இருக்கும்போது நிறுத்தியது அதனால் பிழையில்லை. வெட்டிய காயம் ஆறுவதற்கும் அழற்சி வேண்டும், அந்த 58இல் ஒரு பங்கு அதனுடையது. பிரித்தானியாவில் 2024 கடைசியில் வெளிவந்த ஆய்வொன்றில் புரோகல்சிடோனினைப் பார்த்து மருந்து நிறுத்தியவர்களுக்கு நாள் கொஞ்சம் குறைந்தது, சிஆர்பியைப் பார்த்தவர்களுக்குக் குறையவில்லை. சிஆர்பி 5க்கு வரும் வரை மருந்து கொடுப்பதென்றால் பலருக்கு ஒரு மாதம் கொடுக்க வேண்டி வரும், அதற்குள் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி ஒன்று குடலில் குடியேறிவிடும்.

ஆள் தப்புமா என்று முதல் நாளே சொல்லும் பரிசோதனை. இதைத் தேடாத நாடு இல்லை. 2010இல் ஒருதரம் கணக்கெடுத்தபோது செப்சிஸுக்கென்று ஆராயப்பட்ட இரத்தக் குறிகாட்டிகள் 178 இருந்தன. பத்து வருடம் கழித்து எண்ணினால் 258. இவ்வளவு வந்தும் படுக்கையருகில் தீர்ப்புச் சொல்ல ஒன்றும் தேறவில்லை. பிரெசெப்சின், இன்டர்லூகின் 6, அட்ரினோமெடுலின், மொனோசைற் கலங்களின் பருமன் வேறுபாடு என்று நல்ல பெயர் வாங்கியவை இருக்கின்றன, சில நாடுகளில் பாவிக்கவும் செய்கிறார்கள். எனக்கென்னவோ அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருப்பதாகத் தெரிகிறது. செப்சிஸ் ஒரு நோய் இல்லை. மண்வெட்டிக் காயத்திலிருந்து வந்ததும், சலவழித் தொற்றிலிருந்து வந்ததும், பிள்ளை பெற்ற தாய்க்கு வந்ததும் ஒரே பெயரில் நிற்கின்றன. ஒருவருக்கு எதிர்ப்பு பொங்கி வழிகிறது, பக்கத்துக் கட்டில்காரருக்கு எதிர்ப்பு படுத்தே போய்விட்டது. எல்லோரையும் ஒரே கோலால் அளக்க வெளிக்கிட்டால் இப்படித்தான்.

ஐசியூவில் உண்மையில் நாங்கள் கணக்குப் போடுவது பழைய சாமான்களை வைத்துத்தான். நுரையீரல் எவ்வளவு ஒட்சிசனை உள்ளே விடுகிறது, பிளேட்லெட் எவ்வளவு, ஈரலைக் காட்டுகிற பிலிருபின் எவ்வளவு, பிரஷர், நினைவு, சிறுநீரகத்தைக் காட்டுகிற கிரியற்றினினும் சலத்தின் அளவும். இந்த ஆறுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவது சோபா என்கிற கணக்கு, 1990களில் வந்தது. வழமையிலிருந்து இரண்டு புள்ளி கூடினால் செப்சிஸ், அப்படியானவர்களில் பத்தில் ஒருவர் போல இறக்கக் கூடும். அதுவும் நூறு பேரைப் பற்றிச் சொல்லும், உங்கள் அப்பா அந்த நூறில் எந்தப் பக்கம் என்று சொல்லாது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் புள்ளி இறங்குகிறதா என்பதுதான் எங்களுக்கு நம்பிக்கை தருவது. ஐசியூ வாசலில் டொக்டர்மார் "இன்னும் ஒரு நாள் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவது பதில் சொல்ல மனமில்லாமல் இல்லை, அந்த ஒரு நாள்தான் அவர்களின் பரிசோதனை.

மாரி காலம் வருகிறது என்பதால் இடையில் இதையும் சொல்லவேண்டும், மற்ற வாசகர்களுக்கும் சேர்த்து. எங்கள் பக்கத்தில் ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் காய்ச்சல் என்றால் எல்லோர் வாயிலும் டெங்குதான், பிளேட்லெட் குறைந்தால் முடிவே கட்டிவிடுவார்கள். எலிக்காய்ச்சலிலும் பிளேட்லெட் குறையும், செப்சிஸிலும் குறையும். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் அடுத்தடுத்து ஆட்கள் இறந்து, பிறகு அது எலிக்காய்ச்சல் என்று தெரிய வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டெங்குவில் சிஆர்பி பெரும்பாலும் அவ்வளவு ஏறாது, எலிக்காய்ச்சலில் நன்றாக ஏறும், புரோகல்சிடோனினும் ஏறக்கூடும். அதனால் பிளேட்லெட் விழுந்து சிஆர்பி மேலே நின்றால் டெங்கு என்று சும்மா இருக்கக் கூடாது, வயலில் இறங்கினாரா, காலில் வெடிப்பு இருந்ததா என்று கேட்க வேண்டும். அப்புறம் உண்ணிக்காய்ச்சல். அதன் கிருமி சாதாரண பிளட் கல்ச்சரில் வளராது, வழமையான பல அன்ரிபயோட்டிக்குகளுக்கு அசையாது, டொக்சிசைக்கிளின் குளிசைக்கு இரண்டு நாளில் அடங்கும். அக்குள், கவட்டுப் பக்கமாகக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று உடுப்பை விலக்கிப் பார்த்தால்தான் பிடிபடும், எந்த லாப்பும் அதை அனுப்பாது.

இப்போது உங்கள் 31. அப்பா சாப்பிடுகிறார், காய்ச்சல் இல்லை, காயம் மூடிக்கொண்டு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க 22க்கும் 31க்கும் இடையில் நான் ஒன்றும் வாசிக்க மாட்டேன். ஒரு பல்லு நோவு போதும், ஒரு தடிமன் போதும். கிழமைச் சிஆர்பியை இன்றோடு நிறுத்துங்கள். காயம் மட்டும் கவலை: உள்ளே எலும்பு வரைக்கும் தொற்று போயிருந்தால் மேலே மூடினாலும் கீழே புகையும், அதனால் கிளினிக்கில் காலைக் காட்டும்போது இந்த 31ஐயும் சொல்லுங்கள், தேவையென்றால் எக்ஸ்ரே எடுப்பார்கள். அவர் பெயர்கள் மறப்பதும் கதிரையிலிருந்து எழும்பக் கைபிடிப்பதும் செப்சிஸுக்குப் பிறகு பலருக்கு மாதக் கணக்கில் இருக்கிறது, அதற்குச் சிஆர்பியில் பதில் இல்லை, முட்டையிலும் மீனிலும் நடையிலும்தான் இருக்கிறது. முதல் சில மாதம் திரும்பத் தொற்று வரக் கொஞ்சம் வாய்ப்புக் கூட. அதனால் நடுக்கத்தோடு காய்ச்சல், ஆள் மாறிக் கதைத்தல், மூச்சு வேகம், அரைநாளாகச் சலம் இல்லை, கைகால் குளிர்ந்து தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுதல், இதில் எதைக் கண்டாலும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள், லாப்புக்குப் போக வேண்டாம். வயதானவருக்குக் காய்ச்சலே இல்லாமல் உடம்பு குளிர்ந்தும் வரும், அதையும் மனதில் வையுங்கள். வெளிநோயாளர் பிரிவில் நின்று, "முன்னம் செப்சிஸ் வந்தவர், இதுவும் அதுவாக இருக்குமோ" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற டொக்டரும் இருப்பார், பரவாயில்லை, கேளுங்கள்.

அப்பாவின் கேள்விக்கு: காயம் முழுதாக மூடி, கிளினிக்கில் சரி என்று சொல்லும் வரை ஈர மண்ணில் கால் வைக்கக் கூடாது. சலரோகத்தில் உள்ளங்கால் மரத்துப் போயிருக்கும், மண்வெட்டி பட்டதே அவருக்குப் பின்னேரம்தான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் இரவு விளக்கைப் பிடித்து இரண்டு பாதத்தையும் நீங்கள் பாருங்கள், அவரை நம்ப வேண்டாம், ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். முற்றத்திலிருந்து படலை வரைக்கும் நடக்கத் தொடங்கட்டும், பிறகு ஒழுங்கை முனை வரைக்கும். வெங்காயத்தை இந்த முறை ஆள் பிடித்து நடுங்கள். அவர் வரம்பில் கதிரை போட்டு இருந்து சத்தம் போடட்டும், சப்பாத்தோடு.